நாணயமும் தவணைக் கெடுவும்

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தோன்றிய கூட்டுறவுக் கடன் சங்கங்களை நம் பெரியோர் ‘நாணயச் சங்கம்’ என்று வழங்கினர். பொருத்தமான பெயரே. கடன் கேட்பவருக்கு நிலம் எவ்வளவு என்பதோடு, சொன்ன நாளில் திருப்பித் தருபவரா என்பதையும் ஊரார் அறிந்திருந்தனர். இன்று அவ்விவரம் ஏட்டில் ஏறியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை யாவற்றையும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றுக்கு அறிவிக்கின்றன. அதைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடப்படுகிறது. மக்கள் இதனைச் சிபில் என்பர். அது அந்நான்கில் ஒன்றின் பெயர்.

குடியானவர் முதலில் கவனிக்க வேண்டியது பயிர்க்கடனின் கெடு நாள். 1998-இல் தொடங்கிய கிசான் கடன் அட்டைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டுவோருக்கு அதில் 3 சதவீதம் குறைகிறது. ஒரு லட்சம் ரூபாயை ஓராண்டு வைத்திருந்தவர் உரிய நாளில் கட்டினால் வட்டி 4,000 ரூபாய். தவறினால் 7,000 ரூபாய். நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களிலோ கெடு தவறாதவருக்குப் பயிர்க்கடனில் வட்டியே இல்லை. இச்சலுகையை ஒரு வாரத் தாமதத்தால் இழப்பவரை நம் வட்டாரத்தில் ஆண்டுதோறும் காண்கிறோம். பலருக்குக் காரணம் பணமின்மை அன்று, நாள் தெரியாமையே. நெல்லுக்கும் கரும்புக்கும் வாழைக்கும் கெடு ஒன்றன்று. கடன் பெறும் அன்றே அந்நாளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கெடு நெருங்கியபின் மாதம் 3 வட்டிக்குக் கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டிப் புதுப்பிப்பவரும் உண்டு. புதுக்கடன் நாலைந்து நாளில் கைக்கு வந்தால் நஷ்டம் சிறிது. தள்ளிப்போனாலோ, வட்டியில்லாக் கடனைக் காப்பாற்ற 36 சதவீத வட்டி கட்டியவராவார்.

“கட்டுவானேன், தள்ளுபடி வருமே” என்ற பேச்சும் காதில் விழுகிறது. 2021-இல் நம் மாநிலத்தில் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது உண்மை. ஆயின் அது அவ்வாண்டு ஜனவரி 31-இல் நிலுவையிலிருந்த கடனுக்கே பொருந்தியது. வணிக வங்கிக் கடன் அதில் சேரவில்லை. அத்தகைய நாளை முன்கூட்டி அறிந்தவர் எவருமிலர்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். நமது வட்டாரக் கிராமம் ஒன்றில் மின்மோட்டாருக்குக் கடன் கேட்ட விவசாயி ஒருவருக்கு வங்கி மறுத்துவிட்டது. அவருக்கோ ஒரு ரூபாயும் கடன் பாக்கியில்லை. விசாரித்தபோது, பங்காளி ஒருவர் வாங்கிய டிராக்டர் கடனுக்கு அவர் ஜாமீன் நின்றதும், அக்கடன் பல தவணை தவறியதும் தெரியவந்தன. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிப்பிடாவிடில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. பங்காளியின் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது; இவர் கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயிர் காய்ந்தது. உறவை முறிக்கச் சொல்லவில்லை. கையெழுத்திட்டவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் அக்கடனின் நிலையை வங்கியில் விசாரிப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

தீர்த்த கடன் ஏட்டில் தீராமல் நிற்பதும் உண்டு. ஆகவே கடைசித் தவணை கட்டியவுடன் நிலுவையின்மைச் சான்று பெற்றுப் பத்திரப்படுத்துக. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை கண்டு முறையிட்டால் 30 நாளில் தீர்வு காண வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கைப்பேசியில் இவ்வறிக்கையை எடுக்கத் தெரியாத முதியோருக்கு வார்டு உறுப்பினர்கள் உதவலாம். ஆனால் அதில் கண்ட விவரத்தைப் பிறரிடம் சொல்லலாகாது.