சார்ஜருக்கு முன்னால் ஒரு கணக்கு

அன்புள்ள செழியா,

வள்ளியூர் வீட்டில் ஸ்கூட்டரோடு மின்சாரக் காரும் வரப்போகிறது, மாடியில் சோலார் போட்டு இரண்டையும் வெயிலிலேயே ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஓட்டலாம். ஆனால் எந்த சார்ஜர் நல்லது என்பதைத்தான் நீ முதலில் கேட்டிருக்கிறாய். அது கடைசியில் கேட்க வேண்டியது. முதலில் கணக்கு, பிறகு மாடி, பிறகு வயரிங், அதற்கப்புறம்தான் சார்ஜர். இந்த வரிசை தவறினால் பணம் வீணாகும், பாதுகாப்பும் போகும்.

கணக்கைப் பார்ப்போம். ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் சுமார் 30 கிலோமீட்டர் போகும். நடுத்தரக் கார் 6 முதல் 7 கிலோமீட்டர் போகும். ஸ்கூட்டர் தினம் 30 கிலோமீட்டரும் கார் 40 கிலோமீட்டரும் ஓடினால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 7 யூனிட் போதும். வீட்டுச் செலவு ஒரு நாளைக்கு 5 யூனிட் என்று வைத்துக்கொள். ஆக மொத்தம் 12. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். அப்படியென்றால் உங்களுக்குத் தேவை 3 கிலோவாட்.

சோலார் இல்லாமல் வண்டிகளை மட்டும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதையும் பார். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டில் நின்ற வீடு 720-க்குப் போய்விடும். 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மாநிலத்தில் கட்டண அடுக்கே மாறுகிறது. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு மின்கட்டணத்தில் போகும்.

2024-இல் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. மொத்தம் 78,000. அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். இந்தியாவில் தயாரான சோலார் செல்லும் பேனலும்தான் இதில் ஏற்கப்படும். விலை குறைவு என்று வேறு எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். பில்லைப் படித்துப் பார்த்து வாங்கு.

அடுத்து மாடி. 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் கட்டியோடு மாடிக்குப் போ. காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு என மூன்று வேளையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் எங்கே விழுகின்றன என்று தரையில் கோடு போட்டு வை. பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தி குறையும். பேனல் தெற்கு பார்த்து, ஏறத்தாழ 10 டிகிரி சாய்வில் இருக்கட்டும். அந்தச் சாய்வு இருந்தால்தான் மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாடியில் துணி காயப்போட இடம் வேண்டுமென்று பேனலை ஆளுயரத்துக்குமேல் தூக்குகிறார்கள். உங்கள் ஊரில் அது வேண்டாம். தாங்கும் கம்பிகள் துத்தநாகப் பூச்சு ஏற்றியவையாக இருக்க வேண்டும். போல்ட்டுகள் மேலே பதித்த தட்டோட்டோடு நிற்காமல் கான்கிரீட் வரை இறங்க வேண்டும். தட்டோட்டில் மட்டும் பிடித்தால் இரண்டு ஆடிக் காற்றில் ஆட்டம் கண்டு, ஐப்பசி மழையில் ஒழுகத் தொடங்கும்.

இப்போது வயரிங். கொஞ்சம் நிதானமாகப் படி. வீட்டில் மிக்சி சில நிமிடம்தான் ஓடும். கார் சார்ஜர் 15 ஆம்பியர் மின்சாரத்தை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். ஒரு வீட்டில் ஏசி லைனிலிருந்தே பிளக் பாயின்ட் எடுத்துக் காரைச் சார்ஜ் செய்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது சாக்கெட்டின் ஒரு துளை கருகியிருந்தது, பிளக் பின்னில் நீலம் பூத்திருந்தது, உள்ளே வயரின் மேலுறை பிசுபிசுவென்று இளகியிருந்தது. அதனால் மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றிலும் சிக்கனம் பார்க்காதே. பேனலுக்கும் மாறுமின் (ஏசி) பக்கத்துக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும். குழியில் தண்ணீர் ஊற்றும் வேலையை நீயே ஏற்றுக்கொள்.

சார்ஜருக்கு வருகிறேன். 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள். அது 32 ஆம்பியர் இழுக்கும். தடித்த கம்பி வேண்டும், மின்வாரியத்தில் அனுமதிச் சுமையைக் கூட்ட வேண்டும். உங்கள் காருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 6 யூனிட். 3.3 கிலோவாட் சார்ஜரில் அது இரண்டு மணி நேர வேலை. அதுவே போதும்.

பகலில் அப்பா காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாரே, வெயிலை எப்படிப் பிடிப்பது என்று கேட்பாய். வீட்டு இணைப்புக்கு இருவழி மீட்டர் உண்டு. பகலில் வெளியே அனுப்பியதை இரவில் எடுத்ததோடு கழித்துக்கொள்ளலாம். சித்தப்பா கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வணிக இணைப்பில், அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை வாங்கும் விலையைவிடக் குறைவு. கடை வண்டிகளைப் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் சார்ஜ் போடச் சொல்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கரண்ட் போனால், பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும்தான். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது உன் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டரை அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை மாற்றித் தருகிறேன் என்று எவன் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடு.

பேனலுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் உண்டு. உன் பிள்ளைகளும் அந்த மின்சாரத்தில் பயணம் போவார்கள். அவசரப்படாதே. கடைசி ஆறு மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்துக் கணக்கை எழுது. மாடிக் கோடுகளை அளந்து எனக்கு அனுப்பு. அதற்குப் பிறகு கடைக்குப் போகலாம்.

அன்புடன்,
அத்தை