மஞ்சள் பட்டையை அழுத்தும் முன்: கணக்குக் கோப்பில் தேவையற்ற மேக்ரோக்களை நீக்குதல்



கல்வி உதவி பெறும் மாணவர்களின் பட்டியலை எங்கள் அலுவலகத்தில் எக்செல் கோப்பில் வைத்திருக்கிறோம். பெயர், தகப்பனார் பெயர், வங்கிக் கணக்கு எண், தொகை எல்லாம் அதில் உண்டு. ஒருவர் தயாரித்து, இன்னொருவர் திருத்தி, பென்டிரைவில் பல கை மாறிய கோப்பு அது. திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் ஓர் எச்சரிக்கை வரும். 'எனேபிள் கன்டென்ட்' என்பதை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவோம். எதற்கு அனுமதி கொடுக்கிறோம் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

கோப்புக்குள் மேக்ரோ இருக்கிறது என்பதுதான் அந்த எச்சரிக்கை. மேக்ரோ என்பது கோப்போடு சேர்ந்தே போகும் சிறு நிரல். நல்ல வேலைக்கும் எழுதலாம், கெட்ட வேலைக்கும் எழுதலாம். 1996-ல் பரவிய 'லாரூ' என்ற எக்செல் வைரஸ் இப்படித்தான் ஒரு கோப்பிலிருந்து மற்றக் கோப்புகளுக்குத் தன்னைப் படியெடுத்துக்கொண்டது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. பென்டிரைவில் வருவதற்கு அந்தக் காவல் பெரும்பாலும் கிடையாது. இன்னொன்று: ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் அதே கணினியில் அந்தக் கோப்புக்கு மஞ்சள் பட்டை மறுபடி வராது. பட்டை வரவில்லை என்பதால் கோப்பு சுத்தம் என்று எண்ண வேண்டாம்.

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். பிறகு அனுமதிப் பொத்தானைத் தொடாமல் நகலைத் திறந்து, ஆல்ட் விசையுடன் எஃப் 8 அழுத்துங்கள். மேக்ரோக்களின் பட்டியல் வரும். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து 'டெலிட்' கொடுக்கலாம். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் நிறுத்தினோம். ஆனால் கோப்பு திறக்கும்போதே தானாக ஓடும் மேக்ரோ பெரும்பாலும் இந்தப் பட்டியலில் தெரிவதில்லை.

அதைக் காண ஆல்ட் விசையுடன் எஃப் 11 அழுத்த வேண்டும். இடப்பக்கம் கோப்பின் உறுப்புகள் வரிசையாக இருக்கும். 'மாட்யூல்' என்று இருப்பதை மவுஸின் வலப்பொத்தானால் அழுத்தி 'ரிமூவ்' கொடுங்கள். வெளியே சேமிக்கவா என்று கேட்டால் 'நோ'. 'திஸ்ஒர்க்புக்' என்பதையும் ஒவ்வொரு 'ஷீட்' என்பதையும் நீக்க முடியாது. அவற்றை இருமுறை அழுத்தித் திறந்து, உள்ளே எழுத்துகள் இருந்தால் அவற்றை மட்டும் அழியுங்கள். தானாக ஓடுவது 'திஸ்ஒர்க்புக்'கில்தான் அதிகம் ஒளிந்திருக்கும்.

அதே இடத்தில் 'பெர்சனல்' என்று தொடங்கும் இன்னொரு கோப்பும் தெரியலாம். அது உங்கள் கணினிக்குச் சொந்தமானது. நீங்களே பதிவு செய்த மேக்ரோக்கள் அதில் இருக்கக்கூடும்; பார்த்து அழியுங்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அனுபவமே சாட்சி. உதவித்தொகை வழங்கும் நாளன்று காலையில் எல்லா மாட்யூல்களையும் ஒரே மூச்சில் நீக்கினோம். அச்செடுக்கப் போனால், வவுச்சரில் 'ரூபாய் மூவாயிரம் மட்டும்' என்று எழுத்தில் வர வேண்டிய இடத்திலெல்லாம் 'நேம்' என்ற பிழைக் குறி! எண்ணை எழுத்தாக மாற்றியதும் ஒரு மேக்ரோதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. நகல் எடுக்காததால் அன்று தொகைகளைக் கையால் எழுதினோம். பெற்றோர் வரிசையில் காத்திருந்தார்கள். எந்தக் கட்டத்தில் எந்தச் சூத்திரம் இருக்கிறது என்று பார்த்த பிறகே நீக்கியிருக்க வேண்டும்.

ஒரு மேக்ரோவும் தேவையில்லை என்று உறுதியானால் வேலை இன்னும் எளிது. 'சேவ் ஆஸ்' சென்று எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் சேமியுங்கள். மேக்ரோ இல்லாமல் சேமிக்கவா என்று கேட்கும், 'யெஸ்' கொடுங்கள். அந்த வகைக் கோப்பு மேக்ரோவை ஏற்காது. நிரல் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தாலும் இந்த வழி பலிக்கும். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றுவது சேமித்ததாகாது. கோப்பே திறக்காமல் போகும். மேக்ரோவோடு இணைந்திருந்த பொத்தான்கள் தாளில் அப்படியே நிற்கும், கையால் அழித்துவிடலாம்.

ஏழைப் பிள்ளைகளின் வங்கி விவரம் நம்மிடம் உள்ள அமானிதம். பழைய பட்டியலைக் கைவசம் வைத்திருக்கும் தன்னார்வலர்கள் அதை அழித்துவிட்டு, சுத்தம் செய்த கோப்பை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்.