தலைவலி மாத்திரையா? அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள்

சேவுகம்பட்டியில் இருந்து வத்தலக்குண்டு மெடிக்கலுக்குப் போய், "ஒத்தத் தலைவலிக்கு, வெள்ளையா, வட்டமா இருக்குமே" என்று கேட்டால் கடைக்காரர் பாவம் என்ன செய்வார்? கடையில் பாதி மாத்திரை வெள்ளை வட்டம்தான்.

1. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து கூகுளில் தேடுவது வீண் வேலை. அமெரிக்காவில் மாத்திரை மேலேயே எழுத்தோ எண்ணோ பொறிக்க வேண்டும் என்று 1990-களிலேயே விதி வந்துவிட்டது. அங்கே படத்தை வைத்துப் பெயரைப் பிடிக்கலாம். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை, பல மாத்திரைகள் மொட்டையாகவே வரும். தேடினால் உருவம் ஒத்த வேறு ஏதோ மருந்துதான் வந்து நிற்கும்.

2. படம் எடுக்க வேண்டியது அட்டையின் பின்பக்கத்தை. அதில் இருக்கும் இரண்டு பெயர்களில் ஒன்று கம்பெனி வைத்தது. மில்லிகிராமோடு இருக்கும் மற்றதுதான் மருந்து. ஃபிளாஷ் போட்டால் வெள்ளித்தாள் பளபளத்து எழுத்து மறையும். பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்து, மில்லிகிராம் அளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, கடைக்குப் போகிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

3. சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான், எர்கோட்டமைன் என்றிருந்தால் வலி வரும்போது போடுவது. ஃப்ளூனரிசின், புரோப்ரனலால் என்றிருந்தால் வலி வராமலிருக்க டாக்டர் சொன்னபடி தினமும் போடுவது. புரோப்ரனலாலை பிரஷருக்கும் தருவார்கள். ஆகவே அது அப்பத்தா டப்பாவில் கிடந்தால் தலைவலி மாத்திரை என்று எடுத்துப் போடாதீர்கள், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. எர்கோட்டமைன் போட்ட 24 மணி நேரத்துக்குள் சுமாட்ரிப்டான் கூடாது, மாற்றியும் கூடாது. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொட வேண்டாம்.

4. போனில் பெயரைச் சொல்லி வாங்கிவரச் சொல்லாதீர்கள். சுமினாட் என்பது சுமாட்ரிப்டான். சுமோ என்பது நிமசுலைடும் பாராசிட்டமாலும். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

5. அட்டையில் இரண்டு மாத்திரை வெட்டி வாங்கினால், காலாவதி தேதி உள்ள ஓரம் கடையிலேயே தங்கிவிடும். வெட்டும் முன் முழு அட்டையையும் அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

6. மக்கள் மருந்தகத்திலோ 2025-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்கும்போது அட்டை வேறு நிறத்தில் இருக்கலாம். மருந்துப் பெயரும் மில்லிகிராமும் பொருந்தினால் போதும்.

7. 2023 ஆகஸ்டு முதல் 300 பிராண்டுகளுக்கு கியூ.ஆர். கோடு அல்லது பார்கோடு கட்டாயம். உங்கள் அட்டையில் இருந்தால் ஸ்கேன் செய்து பாருங்கள்.

8. அட்டை இல்லாமல் உதிரியாகக் கிடப்பதைக் குப்பையில் போடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

9. மாத்திரை போட்ட நாளைக் காலண்டரில் குறியுங்கள். சுமாட்ரிப்டானோ எர்கோட்டமைனோ மாதத்தில் பத்து நாள் போடும் நிலை வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கிளப்பத் தொடங்கலாம்.

10. இதுவரை வராத மாதிரி திடீரென்று மண்டை பிளந்தாலோ, பேச்சு குழறி ஒரு கை மரத்தாலோ படம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள்.