வேஷமும் அநுகாரமும்

பிறராகத் தம்மைக் காட்டுகைக்கு வேஷம், அநுகாரம், ஆவேசம் என்று சொற்கள் பல உண்டு. இவற்றின் வாசியை இங்கு அநுபவிப்போம்.

பௌண்ட்ரகன் செயற்கையான சங்க சக்ரங்களைத் தரித்து, தானே வாஸுதேவன் என்றான். கண்ணன் தன் சின்னங்களைக் கைவிடவேணும் என்று தூதும் விட்டான். இது வேஷம், அஹங்காரமே இதற்கு வேர்.

திருவாய்மொழி 5ஆம் பத்து 6ஆம் திருவாய்மொழியில் பராங்குச நாயகியும் உலகைப் படைத்ததும் அளந்ததும் தானே என்கிறாள். ஆனால் இவள், பிரிவாற்றாமையால் அவன் செயல்களைத் தன்னதாகப் பேசித் தரிக்கப் பார்க்கிறாள். ராஸக்ரீடையில் கண்ணன் மறைந்தபோது கோபிகைகள் செய்ததும் இதுவே. இதனை நம் பூர்வர்கள் அநுகாரம் என்பர். திருத்தாயாரோ, எம்பெருமான் இவள்மேல் வந்து ஆவேசித்தானோ என்று ஐயுறுகிறாள். அநுகாரத்தில் பேசுகிறவள் இவள். ஆவேசத்தில் இவள் வாயால் பேசுகிறவன் அவன்.

வேஷதாரிக்கு அவன் வேண்டா. அநுகரிக்கிறவளுக்கு அவனை ஒழியச் செல்லாது.

பாசுரம் சேவிக்கையில் ஆழ்வாருடைய ‘நான்’ என்னும் சொல்லை நாமும் சொல்லுகிறோம். அவருடைய ஆற்றாமை நமக்கு இல்லையே என்னும் கூச்சத்தோடே சொல்லுவோமாகில், அது வேஷமாய் முடியாது.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.