தண்ணீர் குடித்த எஞ்சின்: எந்த வழி தகும்?

படப்பையிலிருந்து மணிமங்கலம், முடிச்சூர் வழியாகத் தாம்பரத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு, ஏரிகள் நிரம்பி வழியும் கார்த்திகை மாதத்தில் சாலை எங்கே முடிகிறது, கலங்கல் நீர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்வது எத்தனை சிரமமென்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆதனூர், மணிமங்கலம், படப்பை முதலிய ஏரிகளின் உபரி ஜலமே அடையாற்றின் மேற்பகுதியாதலால், 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் திருநீர்மலைப் பக்கத்தில் வந்து கலக்கும் இடத்துக்கு மேலேயே, இந்த ஏரிகளின் பிரவாகம் வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் மூழ்கடித்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே பகுதிகளில் வாகனங்கள் நீரில் நின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறவர்களில் பலர் இந்த வழியையே நம்பியிருப்பதால், வெள்ளத்தில் நின்றுபோன காரை என்ன செய்வதென்ற கேள்வி ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

பழுதுபார்க்கும் வழிகளை ஒப்பிடுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். எஞ்சின் காற்றை உள்ளிழுத்து அதை அமுக்கி இயங்கும் யந்திரம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் புகுந்துவிட்டால், மேலேறும் பிஸ்டன் கல்லில் மோதியதுபோல நின்றுவிட, கிராங்க் ஷாஃப்டின் வேகம் முழுவதையும் கனெக்டிங் ராட் தாங்க நேர்ந்து, அது வளைகிறது. டீசல் வண்டிகளில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் மிகக் குறைவாதலால், கொஞ்சம் தண்ணீரே இந்த நாசத்துக்குப் போதும். வண்டி நின்ற பிறகு மறுபடியும் செல்ஃப் அடிப்பதும், நாலு பேரைக் கூட்டித் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வதும், அதுவரை தப்பியிருந்த எஞ்சினையும் கெடுத்துவிடக்கூடும். ஆகவே சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, நீர் எந்த உயரம் வரை ஏறியது என்பது தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொண்டு, சக்கரங்கள் தரையில் படாதபடி ஏற்றிச் செல்லும் வண்டிக்குச் சொல்லியனுப்புவதே உத்தமம். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டிக்கு இது மிக முக்கியம்.

எங்கள் தெருவில் ஒருவருடைய ஒன்பது வருஷத்துப் பெட்ரோல் கார், மிக்ஜாமுக்கு மறுநாள் மணிமங்கலத்துச் சாலையில் இப்படி நின்றது. மூன்று நாள் கழித்து, பக்கத்துப் பட்டறையில் அதைத் திறந்தபோது நான் உடனிருந்தேன். “அண்ணே, எத்தனை தடவை செல்ஃப் அடிச்சீங்க?” என்று மெக்கானிக் கேட்க, “நாலு தடவை இருக்கும் தம்பி” என்றார் அவர். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, கிராங்க்கைக் கையால் சுற்றியபோது, மூன்றாவது துவாரத்திலிருந்து பழுப்பு நீர் பீச்சியடித்தது. அதன்பின் அந்தப் பையன் செய்த காரியந்தான் என் மனத்தில் நிற்கிறது. சேர்ந்து மேலேறும் இரண்டாவது, மூன்றாவது பிஸ்டன்களை உச்சிக்குக் கொண்டுவந்து, ஒரு சைக்கிள் கம்பியை இரண்டு துவாரங்களிலும் மாற்றி மாற்றி இறக்கி, நகத்தால் அளவு பிடித்தான். மூன்றாவதில் கம்பி ஓர் அரிசியின் பருமன் அளவுக்குக் கூடுதலாக இறங்கிற்று. ராட் வளைந்து குட்டையாகிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை நிர்ணயிப்பது இந்தச் சோதனைதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி, “ஓடுது சார், எடுத்துட்டுப் போங்க” என்று சில ஆயிரங்களில் முடித்துத் தரும் சுலபமான வழி, ராட்கள் நேராக இருக்கின்றன என்று அளந்து பார்த்த பிறகே பொருந்தும். சற்றே வளைந்த ராடுடனும் எஞ்சின் ஓடவே செய்யும். பல நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு நாள் அது முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வருமாயின், மிச்சப்படுத்திய பணத்தைப்போலப் பல மடங்கு நஷ்டமாகும். ஆகையால், எந்தப் பட்டறையானாலும் கம்ப்ரஷன் பார்க்கவும் பிஸ்டன் உயரம் அளக்கவும் தனியாகக் கூலி கொடுத்து, அந்த முடிவைக் கண்ணால் கண்ட பின்னரே மேற்கொண்டு பேச வேண்டும். நீர் நின்ற சிலிண்டரில் ஓரிரு நாளிலேயே துரு பிடிக்கத் தொடங்குமாதலால், அதிகமாகத் தாமதிக்கவும் கூடாது.

ராட் வளைந்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இன்ஷூரன்ஸ் பத்திரம். முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்றுக்கொள்ளும் என்பது மெய்யே. ஆனால் நீர் புகுந்த எஞ்சினின் உட்சேதத்தை, வெள்ளத்தின் நேர் விளைவன்று, அதன் பின்விளைவு என்று சொல்லிப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால், வேறு யோசனைக்கே இடமில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே அனுப்பி, சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றவிடாமல் இருக்க வேண்டும். பம்பர் டு பம்பர், அதாவது தேய்மானம் கழிக்காத கவர், இல்லாத பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதியும், ஐந்து வருஷத்துக்கு மேல் பத்து வருஷத்துக்குள் ஆன வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதமும் தேய்மானமாகக் கழிப்பது வழக்கமாதலால், கையிலிருந்து போகும் தொகையை எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மீட்டுப் பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். இருக்கைக்கு மேல் நீர் ஏறிய காருக்கு, மனம் வருந்தினாலும், அதை ஏற்றுக்கொள்வதே விவேகம்.

கூடுதல் கவர் இல்லாத பழைய வண்டிக்காரர்களுக்குத்தான் உண்மையான சங்கடம். சர்வீஸ் சென்டரில் ஹாஃப் எஞ்சின் (பிளாக்கும் அதனுள்ளிருக்கும் பாகங்களும்) மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய எஞ்சினை வாங்கிப் பொருத்துவது மலிவாகத் தோன்றினாலும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அதுவும் தண்ணீர் குடித்ததுதானா என்பதை அறிய வழியில்லாததோடு, எஞ்சின் எண் மாறுவதால் ரசீதுடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் ஆர்.சி.யில் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பின்னால் விற்கவும் இயலாது, இன்ஷூரன்ஸ் கேட்கவும் இயலாது. பிளாக் உடைந்துபோன வண்டிக்கன்றி வேறெதற்கும் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளாக் பத்திரமாக இருந்தால், நம்பகமான உள்ளூர்ப் பட்டறையில் எஞ்சினை இறக்கி, லேத்தில் அளவு பார்த்து, ராட், பேரிங், பிஸ்டன் ரிங் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுக்கொள்வதே மேல். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருக்காரர் அதைத்தான் செய்தார். இரண்டு வாரம் கழித்து எஞ்சின் சுத்தமாக ஓடிற்று. ஆனால் தரைவிரிப்புக்கு அடியில் தங்கியிருந்த ஈரத்தை யாரும் கவனிக்காததால், தை பிறந்த பிறகு வயரிங் இணைப்புகளில் பச்சை பூத்து, வண்டி ஓடும்போதே விளக்குகள் அணையத் தொடங்கின. இருக்கைகளைக் கழற்றி, விரிப்பை வெயிலில் காயவைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துடைக்க இன்னொரு செலவு பிடித்தது. அடுத்த தடவை பாலிசியைப் புதுப்பிக்கும்போது எஞ்சின் கவர் கேட்டார். வண்டிக்கு வயதாகிவிட்டதென்று மறுத்துவிட்டார்கள். இப்போது ஏரி நிரம்பிய செய்தி வந்தால், காரை வாலாஜாபாத் சாலையோரத்து மேட்டில் நிறுத்திவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்.