நைரோபியில் ஏழைக்குத்தான் எல்லாமே விலை அதிகம்

கேள்வி: கென்யாவின் நைரோபியில் குடிசைப் பகுதிக்காரர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்தானாமே! பிறகு ஏன் கை நிமிரவில்லை?

பதில்: வேலை இருக்கிறது, நிலையான சம்பளம்தான் பலருக்கு இல்லை. முகுரு குடிசைப் பகுதியிலிருந்து பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு விடியுமுன்பே கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள். ஆலை வாசலில் நின்றால் அன்றைக்கு ஆள் எடுக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். வண்டிக் காசு மிச்சம் என்றுதான் இந்த நடை. ‘மட்டாட்டு’ எனப்படும் தனியார் வேன்களில் மழை தூறினாலே கட்டணம் ஏறிவிடும்.

கூலி அன்றாடம் என்பதால் சாமான் வாங்குவதும் அன்றாடம். சமையல் எண்ணெய் சின்னக் குவளையில், சர்க்கரை பொட்டலத்தில். கணக்குப் போட்டால் மூட்டையாக வாங்கும் பணக்காரரைவிட இவர்தான் அதிகம் கொடுக்கிறார். தண்ணீரில் இந்த அநியாயம் உச்சம்: 20 லிட்டர் கேனில் விலைக்கு வாங்குபவர், குழாய் இணைப்புள்ள பங்களாக்காரரைப்போலப் பல மடங்கு தருகிறார்.

2007-இல் வந்த எம்-பெசா செல்போன் பணச் சேவை, ஊருக்குப் பணம் அனுப்ப வரப்பிரசாதம்தான். ஆனால் பின்னாளில் அதே போனில் கடனும் வந்தது. இன்று கூலி வந்து விழுந்ததும் நேற்றைய பாக்கி தானாகவே கழிந்துவிடுகிறது.

இந்த லட்சணத்தில்தான் 2024 நிதி மசோதாவில் ரொட்டிக்கு 16 சதவீத வரி போடப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ரொட்டி வரியைக் கைவிட்டார்கள், கோபம் தணியவில்லை. ஜூன் 25 அன்று போராட்டக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன பிறகு, மறுநாள்தான் அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்றார்.