பாம்புக்குப் பயம், 'மருந்து'க்குப் பயமில்லையா?



செம்பனைக் காட்டில் ஒரு பாம்பு தலையைக் காட்டட்டும். "ஐயோ!" என்று பத்தடி தள்ளி நிற்போம். அதே நாளில் வெறுங்கையால் களைக்கொல்லியைக் கலக்குவோம். கேட்டால், "இருபது வருசமா அடிக்கிறேன், என்ன ஆயிடுச்சு?" என்போம்.

இது ஏன்? பாம்பு கடித்தால் உடனே தெரியும். விஷமோ தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சத்தமில்லாமல் உள்ளே போகும். கெடுதல் நாள் கழித்தே தெரியலாம். தினமும் பழகிய ஆபத்தை மனம் சின்னதாகவே எடைபோடும். போதாததற்கு அதற்கு 'மருந்து' என்று பெயர் வேறு வைத்துவிட்டோம்!

பாராகுவாட்டை நினைத்துப் பாருங்கள். உடலுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. மலேசியாவில் 2002-இல் அதற்குத் தடை வந்தது. 2006-இல் தடை நீங்கியது. 2020 ஜனவரி 1 முதல் மீண்டும் தடை. தடை போட்டபோது விஷம், எடுத்தபோது மருந்தா? என்றைக்கும் அது விஷந்தான்.

பழியெல்லாம் தொழிலாளி தலையில் போடுவதும் நியாயமில்லை. வெயிலில் முகமூடி மூச்சை அடைக்கும். கிழிந்த கையுறை கையைக் காக்காது. தகுந்த சாதனம் தருவது முதலாளியின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

இனி இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. டின்னில் உள்ள வர்ணப் பட்டையைப் பாருங்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்ற வரிசையில் கடுமை குறையும். வெள்ளை என்றாலும் விஷமே.

2. காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். நோசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள்.

3. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாடு, வெற்றிலை, சிகரெட் எதையும் தொடாதீர்கள்.

4. வேலை முடிந்ததும் குளியுங்கள். அந்தத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

5. காலி டின்னில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

6. தலைச்சுற்றல், வாந்தி, கண் எரிச்சல் வந்தால் வேலையை நிறுத்தி, லேபிலோடு டாக்டரிடம் போங்கள்.

ஒரு விஷயம் ஞாபகமிருக்கட்டும். திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. தனியாகச் சொல்லப் பயமா? தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பாம்பைக் கண்டால் விலகத் தெரிந்த நமக்கு, இதுவும் முடியாத காரியமல்ல.